கவிழ்த்து வைத்த பேணி

சொல்லிவிடவேணும். அந்தப் பட்டாளத்து மீசைக்காரர் மூலைக் கட்டிலில் ஊசி போட்டு முடித்து இந்தப் பக்கம் திரும்பினால் சொல்லிவிடவேணும். இன்னும் மூன்று கட்டில் இருக்கிறது, மூன்றாவது கட்டிலுக்கு வரும்போது எழும்பி நின்று சொல்லுவேன், எழும்பாவிட்டாலும் பரவாயில்லை, இருந்தபடியே சொல்லுவேன், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டேன் என்று, மூன்று சொல்லுத்தானே, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கும் மூன்று சொல் வரும்தானே. கம்சி மடியில் கிடக்கிறாள். பதினொரு மாதம். இடது தொடையில் சுற்றிய துணி திரும்பவும் மஞ்சளாக நனைந்துவிட்டது, அதிலிருந்து வருகிற மணம் கூடாரத்து மருந்து மணத்தையும் மிஞ்சுகிறது, ஆனால் வாயோரத்தில் பால் மணம், அதை நான் துவாயால் துடைத்தேன், இரண்டு தரம் துடைத்தேன், களவெடுத்தவள் கையைத் துடைக்கிற மாதிரி. கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்து வந்த மரப்பெட்டி ஒன்று, அதுதான் மேசை, அதன்மேல் தகரப் பேணி கவிழ்த்துக் கிடக்கிறது. இன்றைக்கு யாருக்கு ஒப்பரேசனோ அவர்களின் பேணியை விடியவே கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். கவிழ்ந்த பேணியைக் கண்டால் ஒருவரும் அந்தக் கட்டிலுக்குத் தண்ணியும் ஊற்றக்கூடாது, ரொட்டியும் கொடுக்கக்கூடாது. பாஷை தெரியாத பட்டாளக்காரனுக்கும் விளங்கும், எழுத்துத் தெரியாத எங்களுக்கும் விளங்கும். எனக்கும் விளங்கியதுதான். விளங்காமல் கொடுக்கவில்லை.

ஹெலிகொப்டர் வந்ததால்தான். இல்லை, ஹெலியில் பழியைப் போடக்கூடாது, அது மருந்துதான் கொண்டுவந்தது. விடிந்து வெயில் கூடாரத்துணியில் ஏறுகிற நேரம், முதலில் காதுக்குள் ஒரு நடுக்கம், பிறகு சத்தம், நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டிலுக்குக் கீழே போய்விட்டோம். காலில் கட்டோடு கிடந்தவர்கள்கூட. பட்டாளக்காரர்கள் நின்று பார்த்தார்கள், ஒருவன் சிரித்தான், மற்றவன் அவன் தோளில் தட்டி அவனைப் பேசாமல் இருக்கச் செய்தான். நான் மண்ணில் குப்புறக் கிடந்தேன், எனக்குக் கீழே கம்சி, அவள் வீரிட்டாள், என் கை தானாகவே சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டது. பங்கருக்குள் நாலு மாதமாகப் பழகின கை. செல் கூவத் தொடங்கினால் பிள்ளையின் வாயை அடைக்க எனக்கு வேறொன்றும் தெரியாது, பால் வந்தாலென்ன வராவிட்டாலென்ன, வாயில் வைத்தால் அவள் அடங்குவாள், அவள் அடங்கினால் நானும் அடங்குவேன். ஆனால் கை மட்டும் செய்தது என்று சொல்ல ஏலாது, ஏனென்றால் பயந்து போயிருக்கும்போது முதல் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது, பீச்சி விடவேணும் என்று அம்மா சொல்லித்தந்தது அப்போது ஞாபகம் வந்தது, பீச்சினேன், மண்ணில் பீச்சினேன், பிறகுதான் கொடுத்தேன். பீச்ச ஞாபகம் வந்தவளுக்குப் பேணி ஞாபகம் வரவில்லையா? வந்தது. பேணி என் கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டாள், இனி எடுத்தால் கத்துவாள், இன்னும் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான் என்று நினைத்து, ஒரு பக்கம் முழுக்கக் கொடுத்துவிட்டேன். பீச்சின இடத்தில் மண் கட்டியாகிக் கிடக்கிறது. எறும்பு வந்துவிட்டது. காலால் மூடினேன். மூடின மண்ணையும் எறும்பு கண்டுபிடிக்கிறது.

தாய்ப்பால் சாப்பாடா? சாப்பாடு என்றால் சோறு, பிஸ்கட், மாவு. பால் என்றால் அது நான்தான், என் உடம்புதான், பிள்ளை என்னில் கிடக்கிற மாதிரித்தான் அதுவும். அப்படி நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆறுதலாய் இருந்தேன். பிறகு அந்தத் தேத்தண்ணிக் கதை நடந்தது. எதிர்க்கட்டிலில் தம்பிப்பிள்ளை ஐயா, மூங்கிலாற்றுப் பக்கத்து ஆள், வலக்கையில் இரண்டு விரல் கறுத்துப்போய்க் கிடக்கிறது, அவருடைய பேணியும் கவிழ்த்துத்தான் இருந்தது. மீசைக்காரர் பட்டியலோடு வந்தார். அவர் எங்கள் பாஷை கதைக்கிறவர், ஆனால் அவர்களின் ஊர்க் கதை, அவர் ஒருத்தர்தான் இந்தக் கூடாரத்தில் எங்களுக்கும் டொக்டருக்கும் நடுவில். "பெரியவரே, காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "ஒண்டுமில்லைத் தம்பி." "குடிச்சீங்களா?" ஐயா யோசித்தார். "பிளேன்ரீ ஒரு வாய். அதுவும் சீனி இல்லை." "யாரு குடுத்தா? பேணி கவுத்துல்ல இருக்கு!" "பேணியை நிமித்தேல்லைத் தம்பி, சிரட்டையிலதான் குடிச்சனான்" என்றார் ஐயா, அதைப் பெரிய கெட்டித்தனம் மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மீசைக்காரருக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் பேனையை எடுத்து ஒரு கோடு இழுத்தார். "இன்னைக்கு உங்களுக்குக் கிடையாது." "சீனிகூட இல்லையெண்டுறன்!" "சீனி இல்லைங்கறது இல்ல விஷயம் பெரியவரே. மயக்க மருந்து குடுக்கும்போது வயித்துல இருக்கிறது மேல வந்துரும். வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். போச்சுன்னா ஆளே போயிருவீங்க. விரலுக்காக உயிரை விடுவீங்களா?" ஐயா விரலைப் பார்த்தார். நான் கம்சியைப் பார்த்தேன். சிரித்த வாய் எனக்கு மூட மறந்துபோய்விட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். கூடாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த நேரம், என்னையும் அந்தச் சிரிப்போடு சேர்த்து விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. பட்டியலில் இழுத்த அந்தக் கோட்டைப் பார்த்தேன், அவ்வளவு நேராய் இருந்தது.

ஏனென்றால் இன்றைக்கு இல்லையென்றால் வேறு நாள் இல்லை. நேற்றுப் பின்னேரம் டொக்டர் வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தார், உயரமான மனிசன், காதோரம் நரை, தொடையை மெல்லமாய் அழுத்தினார், கம்சி கத்தினாள், அவர் என்னைப் பார்க்காமல் ஏதோ சொன்னார். மீசைக்காரர் சொன்னார்: "நாளைக்குக் காலைல அந்தத் துண்டையும் சீழையும் எடுத்துட்டா கால் தப்பிச்சிரும். நாள் போச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்மா." பிறகு இன்னொன்றும் சொன்னார், இன்றைக்கு மத்தியானம் ஒப்பரேசன் கூடாரத்தைக் கழற்றுகிறார்களாம், முகாம்கள் இருக்கிற பக்கம் கொண்டுபோய்ப் போட ஐந்தாறு நாள் செல்லுமாம். ஐந்தாறு நாள். என் பிள்ளையின் தொடை ஐந்தாறு நாள் பார்த்துக்கொண்டிருக்குமா. காயக்காரரை இந்தப் பக்கம் கொண்டுவரக் கப்பலுக்கு ஏற்றின அன்று கரையில் கம்சியின் அப்பா நின்றார், காயக்காரருக்கு ஒரு ஆள்தான் துணை, அவரை ஏற்றவில்லை, இடுப்பளவு தண்ணியில் நின்று பிள்ளையை வள்ளத்தில் என் கையில் தந்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, "கால் கவனம், தர்மினி, பிள்ளையின்ர கால் கவனம்" என்றுதான் சொன்னார். நீ கவனம் என்றும் சொல்லவில்லை, நான் கவனம் என்றும் சொல்லவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும். கம்சி பங்கருக்குள்தான் எழும்பி நிற்கப் பழகினவள். சாக்கு இல்லாமல் சீலையெல்லாம் வெட்டித் தைத்து மண் நிரப்பி அடுக்கின மூட்டைகள், என் கூறைச்சீலையும் அதில்தான், அந்தச் சரிகைக் கரையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் முதன்முதல் நின்றாள், நின்று எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள், கூறையைக் கிழித்த அன்று அழுதவள் நான், அன்றைக்குச் சிரித்தேன், என் மனிசன் கையைத் தட்டினார், வெளியே என்ன விழுந்துகொண்டிருந்தது என்று எங்களுக்குக் காது கேட்கவில்லை. மூன்றாம் நாள் நின்றுகொண்டிருந்த அதே இடத்தில்தான் செல் வெடித்துச் சிதறின பீஸ் வந்தது. மூட்டையைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஒரு கச்சான் கொட்டை அளவு. மூட்டை மண் சொரிந்தது, பிறகுதான் பிள்ளையின் காலில் இரத்தம் கண்டேன், முதலில் மண்ணைத்தான் கண்டேன், மண்ணை அடைக்கத்தான் கையை வைத்தேன், பிள்ளையில் இல்லை, அந்த ஓட்டையில்.

"என்னடி, பிடிச்சு வைச்ச மாதிரி இருக்கிறாய்?" என்று இராசமலர் அக்கா கேட்டா. பக்கத்துக் கட்டில், அவவின் மகளுக்கு முழங்கை உடைந்து கம்பி வைத்து முடிந்துவிட்டது, அதனால் அவவுக்குக் கதைக்க நேரமிருக்கிறது. நான் காதுக்குள் சொன்னேன். அவ என் முகத்தைப் பார்த்தா, பிறகு மீசைக்காரரைப் பார்த்தா, பிறகு குரலை இறக்கினா. "எவ்வளவு குடுத்தனி?" "ஒரு பக்கம்." "ஒரு பக்கம்தானே? உன்ர உடம்பிலை ஒரு பக்கத்திலை என்ன ஊறும், ரெண்டு கரண்டி. அதெல்லாம் இவ்வளவுக்குத் தண்ணியாய்ப் போயிருக்கும். வாயைத் திறவாதை. திறந்தியோ, அந்தத் தேத்தண்ணிக் கிழவன்ர கதிதான்." "மூச்சுக்குழாய்க்குள்ள போகும் எண்டாரே அக்கா." "போற பிள்ளையெண்டால் செல்லுக்கையே போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டமாதிரி வாயைப் பொத்தினா, கம்சியின் தலையைத் தடவினா. "உனக்குக் கூச்சமெண்டால் நான் சொல்லட்டோ?" என்று பிறகு கேட்டா. நான் தலையாட்டினேன், வேண்டாம் என்றா ஓம் என்றா என்று எனக்கே தெரியாது. அவவும் கேட்கவில்லை. கூச்சம்தான். பால் என்று எப்படிச் சொல்வது, அந்த மனிசனுக்கு முன்னால், பால் என்றால் அவர் எங்கே பார்ப்பார், சட்டையில் ஒரு பக்கம் நனைந்து வட்டமாய் இருக்கிறது, துவாயை இழுத்து இழுத்து மூடுகிறேன். அதுவும் அந்த உடுப்பு. நான் கைப்பிள்ளையாய் இருந்த காலத்தில் இதே நாட்டுப் பட்டாளம் கடல் தாண்டி வந்து எங்கள் ஒழுங்கையால் நடந்து போகுமாம், அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்துவாவாம், நான் கத்தினால் எனக்கும் இதையே வாயில் வைப்பாவாம். எனக்கு ஞாபகமில்லை, ஆனால் பச்சை உடுப்பைக் கண்டால் என் தொண்டை பூட்டிக்கொள்கிறது, பாலோடு வந்திருக்கும். இந்த மீசைக்காரர் நல்லவர், கம்சிக்குக் கையுறையை ஊதிப் பந்து செய்து கொடுத்தவர், ஐந்து விரலும் நீட்டிக்கொண்டிருந்த பந்து. நல்லவர் என்று எனக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லையே.

முதல் ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள், மீசைக்காரரும் எங்கள் கட்டிலுக்கு வராமலே அவரோடு உள்ளே போய்விட்டார். ஜெனரேற்றர் சத்தம் கூடினால் உள்ளே வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். நான் கம்சியின் வயிற்றில் கையை வைத்துப் பார்க்கிறேன். பால் எங்கே இருக்கும், தொப்புளுக்கு மேலேயா, கீழே இறங்கிவிட்டதா, விரலால் மெல்லமாய் அழுத்தினால் களக் என்று ஏதோ அசைகிற மாதிரி இருக்கிறது, அது பாலா காற்றா. ஏவறை விட்டாளா? விட்டாள். சத்தி எடுத்தால் நல்லது, எடுத்துவிடு பிள்ளை, எல்லாவற்றையும் என் மேலேயே எடுத்துவிடு என்று தோளில் போட்டு முதுகைத் தட்டுகிறேன், அவள் என் கழுத்தில் முகத்தை வைத்து நித்திரையாகிறாள். வயிறு நிறைந்த பிள்ளையின் நித்திரை. மற்ற நாளென்றால் இந்தப் பாரத்துக்கு நான் எவ்வளவு சந்தோசப்படுவேன். சொன்னால் கால் போகும். சொல்லாவிட்டால். சொன்னால் கால், சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றுமில்லை, ஒருவேளை காலும் தப்பும் பிள்ளையும் தப்பும், இராசமலர் அக்கா சொன்னமாதிரி இரண்டு கரண்டிதானே. ஒற்றைக்காலில் ஒரு பெண்பிள்ளை. அதை நினைத்துப் பார்த்தேன், பாவாடைக்குக் கீழே ஒரு செருப்பு. மற்றதை நினைக்க ஏலவில்லை, அந்தப் பக்கம் மனம் போய்ப் போய் மண்மூட்டையின் ஓட்டையில் முட்டிக்கொண்டு நிற்கிறது, மண் சொரிகிறது, நான் கையை வைத்து அடைக்கிறேன், திரும்பவும் பிழையான இடத்தில். இரண்டாவது ஆளும் போய்விட்டார். ரொட்டி சுடுகிற மணம் வருகிறது. மூன்றாவது கம்சி. கையில் ஒட்டியிருக்கிற பிளாஸ்ரரில் அந்த எண்ணை எழுதியிருக்கிறார்கள், எண் எல்லாப் பாஷைக்கும் ஒன்றுதான், எனக்கும் வாசிக்கத் தெரியும்.

வந்துவிட்டார்கள். இரண்டு பேர், ஆளைத் தூக்கிப் போகிற காவு கட்டிலோடு, பின்னால் மீசைக்காரர், பட்டியல், பேனை. "வாங்கம்மா, குட்டிப் பாப்பா மூணாவது நம்பர்" என்று சிரித்தார். "காலைல ஒண்ணும் குடுக்கலல்ல?" கேட்டுவிட்டார். நான் நினைத்தேன், அவர் கேட்டால் வந்துவிடும் என்று. வரவில்லை. வாய் திறந்தது, காற்றுத்தான் வந்தது. இராசமலர் அக்கா முன்னுக்கு வந்து, "ஒண்டும் குடுக்கேல்லைத் தம்பி, நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்" என்றா. எனக்காகத்தான் சொன்னா, அவவைக் குறை சொல்லமாட்டேன். மீசைக்காரர் பெட்டியைப் பார்த்தார், பேணி கவிழ்ந்தபடியே இருந்தது, அவருக்கு அது போதும், தலையாட்டினார். அந்தப் பேணி எனக்காகப் பொய் சொன்னது. ஒருவன் குனிந்து கம்சியைத் தூக்கக் கையை நீட்டினான். அவள் நித்திரையில் வாயைச் சப்பினாள், ஒன்றுமே இல்லாததைச் சப்பினாள், வாயோரத்தில் வெள்ளையாய் ஒரு சொட்டு வந்து நின்றது, மேலே வந்துரும், வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். என் கை போனது. சட்டைப் பொத்தானுக்குப் போகாமல் பெட்டிக்குப் போனது. பேணியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். தகரம் மரத்தில் பட்ட சத்தம் கூடாரம் முழுக்கக் கேட்டமாதிரி இருந்தது. தூக்க வந்தவன் கையை இழுத்துக்கொண்டான். மீசைக்காரர் பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் சட்டையின் அந்த வட்டத்தைப் பார்த்தார், நான் துவாயை இழுக்கவில்லை. "பாலா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "எப்பம்மா?" எப்போது என்று நான் எப்படிச் சொல்ல, என்னிடம் மணிக்கூடு இல்லை. மேலே கையைக் காட்டினேன், விரலைச் சுற்றினேன். "ஹெலி" என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது.

அவருக்குக் கோபம் வரும் என்று இருந்தேன். அவர் "அடடா" என்று மட்டும் சொன்னார், தன் ஊரில் தன் வீட்டில் யாரோ ஒருத்திக்குச் சொல்வதுபோல. உள்ளே போனார். டொக்டர் வந்தார், கையுறையோடு, கையுறையில் வேறு யாருடையவோ இரத்தம், கம்சியைத் தொடவில்லை, அவள் கிடக்கிற விதத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், அவர்கள் பாஷையில் இரண்டு பேரும் கதைத்தார்கள், ஒருவன் வெளியே கைகாட்டினான், அங்கே கயிறுகளைத் தளர்த்தத் தொடங்கிவிட்டார்கள். மீசைக்காரர் திரும்பி என்னிடம் சொன்னார்: "நாலு மணி நேரம் போகணும்மா. ஹெலி வந்தது ஏழு இருபது. பதினொண்ணு இருபதுக்கு மேல, கடைசி ஆளா எடுக்கிறேன்னு டாக்டர் சொல்றார். முன்னாடி உள்ளவங்களுக்கு நேரம் இழுத்துச்சுன்னா..." கம்சியின் கையிலிருந்த பிளாஸ்ரரை அவர் உரித்தார், அதற்கே அவள் முழித்துவிட்டாள், புதிதாய் ஒன்றை ஒட்டி வேறு எண் எழுதினார். ஆறு. பேணியை அவரே எடுத்துத் திரும்பக் கவிழ்த்தார். "இனிமே ஒரு சொட்டுக்கூட, தெரியுதா" என்றார். "ஓம்" என்றேன். அது நன்றாய் வந்தது. மூன்றாவதாக அடுத்த கூடாரத்திலிருந்து ஒரு மனிசியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஜெனரேற்றர் சத்தம் கூடியது. இராசமலர் அக்கா முகத்தை மகள் பக்கம் திருப்பிக்கொண்டா. நாலாவது ஆள் போன நேரம் கம்சிக்குப் பசி வந்துவிட்டது. முதலில் முனகினாள், பிறகு தலையை என் நெஞ்சில் இடித்து இடித்துத் தேடினாள், துவாயை வாயால் கவ்வினாள். வெளியே ஒப்பரேசன் கூடாரத்தின் பின்பக்கத்து முளையைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. நான் அவளை அக்காவின் மடியில் வைத்தேன், அக்கா வாங்கினா. கூடாரத்துக்கு வெளியே வந்து முள்ளுக்கம்பிப் பக்கமாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். எண்ணுகிறேன், எத்தனை முளை கழன்றது என்று. உள்ளே அவள் கத்துகிறாள், கத்தக் கத்த இரண்டு பக்கமும் ஊறி வழிகிறது, நிற்பாட்டத் தெரியவில்லை, பீச்சுகிறேன், மண்ணில் பீச்சுகிறேன், எறும்பு வருகிறது, இன்னும் ஒரு முளை.